பத்து மணிக்கு ஒரு தரம்

லோடர் டிராக்டருக்கு எத்தனை நாளைக்கு ஒரு தரம் கிரீஸ் அடிக்க வேண்டும் என்று என் ஷெட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். "நாளைக் கணக்குப் பண்ணாதீங்க, வண்டி ஓடுற மணியைக் கணக்குப் பண்ணுங்க. பத்து மணிக்கு ஒரு தரம்" என்பேன். சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொள்வேன். ஏன் சிரிக்கிறீர்கள் அப்பா என்று போன வாரம் நீங்கள் இரண்டு பேரும் கேட்டீர்கள். தெலுங்கில்தான் கேட்டீர்கள், பரவாயில்லை. வாயால் சொன்னால் பாதியிலேயே செல்போனைத் தேடிப் போய்விடுவீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன். எழுத்துக்கூட்டியாவது தமிழில் படியுங்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தருமபுரிப் பக்கத்திலிருந்து நாங்கள் ஹைதராபாத்துக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அப்பாவுக்குப் பாலாநகரில் ஒரு பட்டறையில் வேலை. அம்மா மாதாப்பூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனாள். இன்று கண்ணாடிக் கட்டடமாக மின்னுகிறதே அந்த இடமெல்லாம் அன்று வெறும் பாறை. வெடி வைத்துப் பிளந்து, அள்ளிக் கொட்டி, அதன் மேல் கம்ப்யூட்டர் ஆபீஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அங்கே லோடர் ஓட்டினார். அவர் சொல்லித்தான் அம்மாவுக்கும் அந்த வேலை கிடைத்தது.

லோடர் என்றால் நீங்கள் ஷெட்டில் பார்ப்பதுதான். டிராக்டருக்கு முன்னால் இரண்டு இரும்புக் கை, கை நுனியில் பெரிய தொட்டி. மணலையும் ஜல்லியையும் அள்ளிக்கொண்டு போய் கலவை மெஷின் வாயில் கொட்டும். நமக்கு முழங்கை, மணிக்கட்டு இருப்பது போல அந்தக் கை மடங்குகிற இடங்களில் எல்லாம் பின் என்கிற இரும்பு அச்சு இருக்கும். அங்கே கிரீஸ் இல்லாவிட்டால் இரும்பை இரும்பே தின்றுவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு பின்னிலும் நிப்பிள் என்று ஒரு சின்ன மூக்கு வைத்திருக்கிறார்கள். கிரீஸ் கன்னை அதில் மாட்டி, ஓரத்தில் புது கிரீஸ் பிதுங்குகிற வரை அழுத்த வேண்டும். தூசியிலும் சேற்றிலும் ஓடுகிற வண்டியாக இருந்தால் பத்து மணி நேரம் வரைகூடக் காத்திருக்கக் கூடாது. நீங்கள் பெரியவர்களாகி என்ன வேலைக்குப் போனாலும் இதைத் தெரிந்துவைத்திருப்பதில் தப்பில்லை.

அந்தத் தசரா லீவில் எனக்கும் ஒரு வேலை இருந்தது. உங்கள் அத்தை அப்போது கைக்குழந்தை. உடைக்காமல் விட்டிருந்த ஒரு பெரிய பாறையின் நிழலில் சவுக்குக் கம்பு சாய்த்து, சேலையில் தூளி கட்டியிருந்தார்கள். எங்கள் பாப்பாவின் தூளிக்குப் பக்கத்தில் இன்னும் சில தூளிகள் தொங்கின. ஆட்டிவிடுவது என் பொறுப்பு. எட்டு மணிக்கு வேலை தொடங்கும். கலவை மெஷினிலிருந்து மாடி வரை பெண்கள் வரிசையாக நின்று சாந்துச் சட்டியைக் கைமாற்றுவார்கள். நடுவில் ஒருத்தி விலகினாலும் வரிசை அறுந்துவிடும். சாப்பாட்டு நேரம் வரை யாரும் விலகக் கூடாது என்பது சட்டம்.

சட்டம் போட்டவர் காண்ட்ராக்டரின் மச்சான். தெலுங்கில் மச்சானை பாமர்தி என்பார்கள். முகத்துக்கு நேரே அவரை எல்லோரும் சார் என்பார்கள், அவர் அந்தப் பக்கம் திரும்பினால் பாமர்தி. சித்தூர்க்காரர், தமிழும் பேசுவார். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்.

மணி ஒன்பது தாண்டினால் பாப்பா சிணுங்கும். பிறகு அழும். ஒன்று அழுதால் மற்ற தூளிகளிலும் ஆரம்பித்துவிடும். நான் எந்தத் தூளியைத்தான் ஆட்டுவேன்? வாயால் ரயில் விடுவேன், நாய் மாதிரி குரைப்பேன், ஒன்றும் நடக்காது.

சரியாகப் பத்து மணிக்கு மாமா வண்டியை நிறுத்திவிடுவார். தொட்டியைத் தரையில் இறக்கிவைத்து, கிரீஸ் கன்னை எடுத்துக்கொண்டு கீழே குதிப்பார். லோடர் நின்றால் கலவை மெஷினுக்குத் தீனி இல்லை. மெஷின் நின்றால் வரிசையில் சட்டி இல்லை. பெண்கள் பாறைப் பக்கம் வேகமாக வருவார்கள். அம்மா பாப்பாவை எடுத்துக்கொண்டு பாறைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். "டேய், போய் ஒரு சொம்பு தண்ணி மொண்டுக்கினு வா" என்று என்னை அனுப்பிவிடுவாள். நான் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு வரும்போது எல்லாக் குழந்தைகளும் அழுகையை நிறுத்தியிருக்கும்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. டிராக்டர் சத்தத்துக்குப் பயந்துதான் குழந்தைகள் அழுகின்றன. சத்தம் நின்றால் அழுகையும் நின்றுவிடுகிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "ஆமாண்டா என் ராசா" என்றாள்.

மாமா கிரீஸ் அடிப்பதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். ஒவ்வொரு மூக்கையும் துணியால் துடைப்பார், அடிப்பார், திரும்பவும் துடைப்பார். அடித்த இடத்துக்கே இன்னொரு தரம் போவார். அந்த நேரம் முழுவதும் முதுகைப் பாறைப் பக்கம் காட்டிக்கொண்டே நிற்பார், ஒரு தடவைகூடத் திரும்ப மாட்டார். பெண்கள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிய பிறகுதான் அவருக்கு கிரீஸ் தீரும். வேலையில் எவ்வளவு கருத்து என்று நினைத்துக்கொள்வேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவில்லை. எஞ்சின் ஆயிலை மீட்டரில் ஓடும் மணியைப் பார்த்துத்தான் மாற்றுவார். கிரீஸுக்கு மட்டும் அவருக்குக் கைக்கடிகாரம்.

மேல்மாடிக்குக் காங்கிரீட் போடும் நாள் நெருங்கியது. ஒரு நாள் காலை பாமர்தி குடையோடு வண்டி முன்னால் வந்து நின்றார்.

"ஏமய்யா, நீ ஒர்த்தன் நின்னா இத்தினி பேர் நிக்கறாங்க. பொழுதோட வந்து எட்டு மணிக்கு முன்னாலே கிரீஸ் கொட்டுக்கோ. இல்லே சாயந்தரம் கொட்டுக்கோ. நடுவுலே வண்டி நிக்கக்கூடாது."

"கம்பெனிக்காரனே பத்து மணிக்கு ஒரு தரம்னுதான் சார் சொல்லியிருக்கான்."

"கம்பெனியா உனக்குக் கூலி குடுக்குது? இனிமே பத்து மணிக்கு நின்னுச்சின்னா வேற டிரைவரைப் பாத்துக்கறேன்."

மாமா தலையை ஆட்டினார். அன்று பத்து மணிக்கு வண்டி நிற்கவில்லை. நான் பாறை மேல் ஏறி நின்று பார்த்தேன். மாமா முகத்தை நேரே வைத்துக்கொண்டு மணலை அள்ளினார், கொட்டினார், அள்ளினார். பாப்பா அழுது அழுது குரல் கம்மிவிட்டது. முகமெல்லாம் சிவந்து, கைகளை மடக்கிக்கொண்டு, பிறகு அழக்கூடத் தெம்பில்லாமல் விக்கியது. வரிசையில் அம்மா சட்டியை வாங்குவாள், பாறையைப் பார்ப்பாள், சட்டியைக் கொடுப்பாள், பாறையைப் பார்ப்பாள். சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்தபோது அம்மாவின் மாராப்பு நனைந்திருந்தது. வெயிலில் எவ்வளவு வேர்வை என்று நான் விசிறிவிட்டேன்.

அடுத்த நாள் காலை, வேலை தொடங்கும் முன்பு மாமா கிரீஸ் அடித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லா மூக்கிலும் அடித்தவர், தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றை விட்டுவிட்டார். அது மட்டுமில்லை, அந்தப் பின்னின் ஓரத்தில் பிதுங்கியிருந்த பழைய கிரீஸையும் துணியால் வழித்து எடுத்தார்.

"மாமா, அங்க ஒண்ணு பாக்கி."

"அது சாப்புட்டுடுச்சி மாப்ளே. நீ போய் பாப்பாவைப் பாரு."

வெயில் ஏற ஏற வண்டி முனக ஆரம்பித்தது. தொட்டி தூக்கும்போது ஒரு கீச். இறக்கும்போது ஒரு கீச். பத்து மணி நெருங்கும்போது அது பாறைக்குப் பாறை எதிரொலிக்கிற கூச்சலாகிவிட்டது. மாடியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தவர்கள் காதைப் பொத்தினார்கள். தூளிகளில் குழந்தைகள், இந்தப் பக்கம் வண்டி, எல்லாம் சேர்ந்து அழுதன. எனக்கு வண்டியின் மேல் பரிதாபமாக இருந்தது.

பாமர்தி ஓடிவந்தார். "ஏன் இப்புடி கத்துது? உடைச்சிட்டியா வண்டிய?"

மாமா தொட்டியை மெல்ல இறக்கினார். "பத்து மணிக்கு அடிக்கிறதை ஏழரைக்கு அடிச்சா கத்தாம என்னா சார் பண்ணும்? பின்னு இறுகிப்போச்சின்னா புது பின்னு, புது புஷ்ஷு. ரெண்டு நாளைக்கு வண்டி படுத்துக்கும். அதுக்குள்ள காங்கிரீட்டு வந்துடும். எனக்கென்ன?"

குரல் தெனாவெட்டாக இருந்தது.

"அபத்தம்! பத்து மணின்னு எங்க எழுதியிருக்கு? காட்டு."

மாமா இறங்கி, லோடர் கையில் சேறு அப்பியிருந்த ஒரு இடத்தைத் துடைத்தார். மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று தெரிந்தது. கிரீஸ் கன் படம், அதற்குக் கீழே இங்கிலீஷ் எழுத்து. பாமர்தி அதைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். அவர் கையெழுத்து மட்டும்தான் இங்கிலீஷில் போடுவார். மாமாவுக்கு அதுவும் வராது. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா பையன் இங்கிலீஷ் மீடியம் சார்" என்றார் மாமா.

பாமர்தி என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். படிக்கத் தெரியாமல் போனால் ஸ்கூல் மானம், அம்மா மானம், எல்லாம் போய்விடும். விரலை வைத்துப் படித்தேன். "கிரீஸ். எவ்ரி. டென். ஹவர்ஸ்."

"அதுக்கு அர்த்தம் என்ன?"

எங்கள் மிஸ் சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு சொல்லாக மாற்றினேன். எவ்ரி என்றால் ஒவ்வொரு. டென் என்றால் பத்து. ஹவர் என்றால் மணி.

"ஒவ்வொரு பத்து மணிக்கும் கிரீஸ் அடிக்கணும் சார்."

தமிழில் மட்டுமில்லை, தெலுங்கிலும் மணி என்பது இப்படித்தான். பாமர்தி அதைத் தனக்குள் தெலுங்கில் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார், "பதி கண்டலகி ஒக்கசாரி." அங்கேயும் கடிகாரத்தில் பத்து அடிப்பதும் பத்து மணி நேரமும் ஒரே சொல்லுக்குள்தான் உட்கார்ந்திருக்கின்றன. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்து தாண்டியிருந்தது.

"ஒவ்வொரு பத்து மணிக்குமா? அப்போ ராத்திரி பத்துக்கு?"

"ராத்திரி வண்டி தூங்குது சார்" என்றார் மாமா.

மாடியில் யாரோ சிரித்தார்கள். பாமர்தியும் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடையைத் தோளில் சாய்த்தார். "சரே. கம்பெனி சொன்னாப்புல பத்துக்கே கொட்டு. வண்டி மட்டும் கெடக்கூடாது, தெரிஞ்சிதா?" என்னைப் பார்த்து, "பாகா சதிவாடு" என்றார். நன்றாகப் படித்தான் என்று அர்த்தம். ஸ்கூலில்கூட யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை.

எஞ்சின் நின்றது. பெண்கள் பாறைப் பக்கம் ஓடினார்கள். மாமா முதலில் அந்த விட்டுப்போன மூக்கில் கன்னை மாட்டி அழுத்தினார். கறுப்பாக வந்தது, பிறகு புது கிரீஸ் சிவப்பாக வந்தது. கீச்சுச் சத்தம் அதோடு போனது. அன்று அவர் துடைத்த துடைப்பு இருக்கிறதே, வண்டியைக் குளிப்பாட்டிவிட்டார். கட்டடம் முடிகிற வரை அந்த லோடருக்குப் பத்து மணி என்றால் பத்து மணிதான். பாமர்தியே சில நாள் கடிகாரத்தைக் காட்டி, "ஏமய்யா, டைம் ஆச்சு" என்று நினைவுபடுத்துவார்.

அன்றைக்கு நான் தண்ணீர்ச் சொம்போடு வந்தபோது பாப்பா அம்மா மடியில் கால்களை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஆளுக்கொரு தரம் என் கன்னத்தைக் கிள்ளினார்கள். ஒரு அக்கா தன் தூக்குச்சட்டியிலிருந்து ஒரு பூரியை எடுத்து என் கையில் திணித்தார். நான் இங்கிலீஷ் படித்ததற்கு இவர்களுக்கு எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லோரும் வரிசைக்குப் போன பிறகு, மாமா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அம்மா அப்போதுதான் பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டு எழுந்தாள். மாமா குனிந்து பாப்பாவைப் பார்த்து, "என்னா மருமவளே, உனக்கு கிரீஸ் அடிச்சாச்சா?" என்றார்.

"போடா எருமை" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சும்மாட்டுத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

எனக்குத் திக்கென்றது. மாமா கையில் எப்போதும் கிரீஸ் இருக்கும், தொட்டுத் தொலைத்திருப்பார். அதனால்தான் அம்மா அழுகிறாள். தூளியை விரித்து, பாப்பாவின் கை, கால், கழுத்து மடிப்பு எல்லாம் தேடிப் பார்த்தேன். கிரீஸ் எங்கேயும் இல்லை. வாயோரத்தில் கொஞ்சம் பால்தான் இருந்தது.