சோப்புக் காகிதம்

ஐம்பதுகளில் சித்தியைச் சித்தப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கடல் தாண்டி இந்தியாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். போகக்கூடாது என்று அம்மா மல்லுக்கு நின்றாள். அவள் பேச்சு எடுபடவில்லை. "போறவ போகட்டும்" என்று சொல்லிவிட்டு, தங்கையை வழியனுப்ப வட்டவளை ஸ்டேஷனுக்குக்கூட வரவில்லை.

அதற்குப் பிறகு அம்மாவின் உயிரெல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான். நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே தேத்தண்ணிக் கடை ரேடியோவில், அக்காளும் தங்கையும் ஒன்றாக உட்கார்ந்து கேட்ட நேயர் விருப்பம் அன்றுதான் வரும். அந்தக் கால்மணி நேரத்தை ஒரு சோப்புக் கம்பெனி விலைக்கு வாங்கியிருந்தது. பாட்டுக்கு முன்னாலும் சோப்பு, பின்னாலும் சோப்பு. அந்தச் சோப்பைச் சுற்றிவரும் காகிதத்தோடு எழுதி அனுப்பினால்தான், யாருக்காகப் பாட்டு என்று பெயரை வாசிப்பார்கள்.

"சித்திக்குக் கடுதாசி போடேன்மா" என்றேன்.

"நானா? சின்னவ, அவதான் போடணும்."

வீம்பு. ரேடியோவில் பெயர் வந்தால் மட்டும் யாரும் இறங்கி வந்ததாக ஆகாது என்று அவளாகவே ஒரு நியாயம் வைத்திருந்தாள்.

ஒருநாள் மனம் இளகி, தானே பெயர் அனுப்பலாம் என்று அட்டன் கடைத்தெரு முழுக்க அந்தச் சோப்பைத் தேடினாள். கடைக்காரர் ஒருவர் சிரித்தார். "அது இங்க விக்கிற சாமான் இல்லம்மா. ரேடியோ இங்கருந்து பேசுது, கேட்டு வாங்குறவங்க இந்தியாவுல இருக்காங்க."

அந்தக் கம்பெனிக்கு நாங்கள் ஒரு பொருட்டே இல்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அம்மாவுக்கோ தெம்பு வந்துவிட்டது. "அப்ப சோப்பு அவகிட்டதானே இருக்கு? அனுப்பட்டும்."

பெயர் வரவேயில்லை. ஒரு ஞாயிறு அந்த நேரத்தில் தலைவலித் தைலத்தின் விளம்பரம் வந்தது. சோப்புக் கம்பெனி பணம் கட்டுவதை நிறுத்திவிட்டதாம், நேயர் விருப்பமும் நின்றுபோனது. அம்மா நம்பவில்லை. அறிவிப்பாளருக்குத்தான் உடம்புக்கு ஏதோ என்று கவலைப்பட்டாள். அதன் பிறகும் பல ஞாயிறுகள் அந்தத் தைலத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம் கழித்து, திருச்சிப் பக்கம் சித்தியைத் தேடிப் போனேன். முகம் கழுவ அவள் நீட்டியது ரேடியோவில் கேட்ட அதே பெயர்ச் சோப்பு.

"இத வச்சுக்கிட்டா ஒரு தடவகூட பேர் அனுப்பாம இருந்தீங்க, சித்தி?"

"ரேடியோ ஸ்டேஷன் ஒங்க பக்கத்துலதானே இருக்கு? அக்காதான் கூப்புடுவாங்கன்னு வாரம் தவறாம கேட்டேன். என்மேல கோவம் தீரலன்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்தச் சோப்பு எங்கள் பக்கம் கிடைக்காமல் அம்மா அட்டனில் கடை கடையாக ஏறி இறங்கியதைச் சொன்னேன். சித்தி ஈரக்கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே வாங்கி அனுப்பிருப்பேனே" என்றாள்.