ஊசியில் இருந்தது என்ன?

நெய்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியில், விஷ முறிவு ஆராய்ச்சிக்கென்று ஒரு டாக்டர் இருந்தார். ஒல்லி, சிரிக்காத முகம். பேசும்போதும் கையிலிருக்கும் டார்ச்சை அணைத்து அணைத்துப் போடுவார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

மைன்ஸில் ஷிப்ட் முடிந்து நான் அந்த ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தபோது, வயலுக்குப் பூச்சிமருந்து அடித்த என் தம்பி வாயில் நுரையோடு கிடந்தான். வழக்கமான சிகிச்சையோடு ஒரு புது ஊசியும் போட்டார்கள். பாதிப் பேருக்கு அதில் மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். இதைச் சொல்லித்தான் டாக்டர் என்னிடம் கையெழுத்து வாங்கினார். பதற்றத்தில் எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள், அதே ஊசி போட்டிருந்த பக்கத்துக் கட்டில்காரர் இறந்ததும் உறைத்தது. டாக்டரை மறித்தேன்.

“என் தம்பிக்குப் போட்டது மருந்தா, தண்ணியா சார்?”

“எனக்கே தெரியாதுங்க. பாட்டில்ல வெறும் நம்பர்தான் இருக்கும்.”

“தெரியாமத்தான் ஊசி போட்டுகினு இருக்கியா? நீயெல்லாம் ஒரு டாக்டரா?”

டார்ச் அணைந்தது. “தெரிஞ்சா, பாவப்பட்டவங்களாப் பாத்து மருந்தப் போட்டுடுவேன். அப்புறம் அது வேலை செய்யுதான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்.”

தம்பி பிழைத்துக்கொண்டான். வீட்டுக்குக் கிளம்பும்போது மறுபடியும் கேட்டேன்.

“இன்னும் தெரியாதுங்க” என்றவர், டார்ச்சைப் போட்டுக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த ஆளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டுமா, சட்டையைப் பிடிக்க வேண்டுமா என்று எனக்கும்தான் இன்றுவரை தெரியவில்லை.