கார்பன் அக்காவின் பென்சில்

கார்பன் அக்காவை எனக்கு முதல் நாளே பிடிக்காமல் போனதற்குக் காரணம் அவருடைய பென்சில்தான்.

மருத்துவமனையின் பழைய கட்டடத்தில், எக்ஸ்ரே அறைக்கு நேர் மேலே எங்கள் ஆராய்ச்சி அலுவலகம். இரண்டு மேசை, ஒரு இரும்பு அலமாரி, ஒரு ஸ்கேனர். பதினைந்திலிருந்து இருபத்துநான்கு வயதுவரை உள்ள பிள்ளைகளின் மனநலம் பற்றி ஆய்வு நடந்துகொண்டிருந்தது. அக்கா வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பிக்கொண்டு வருவார், நான் ஸ்கேனரில் ஏற்றுவேன். கட்டத்துக்குள் பேனாவால் போட்ட டிக்கை மட்டும்தான் அந்த மிஷின் படிக்கும். ஓரத்தில் சின்னக் கீறல் இருந்தாலும் முரண்டு பிடித்துத் தாளை வெளியே தள்ளிவிடும்.

அக்காவின் தாள்களில் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து. ஸ்கேன் செய்யும் முன் தேவையில்லாத குறிகளை அழிக்க வேண்டும் என்று என் கையேட்டில் இருந்தது. நானோ தலையணை உறை சுருங்கியிருந்தாலே தூக்கம் வராத ஆள். ஒரு வரிகூடப் படிக்காமல் ரப்பரால் தேய்த்துத் தள்ளினேன். என்னைவிடச் சுத்தமாக யார் தாள் கொடுப்பார் என்று பெருமை வேறு.

அழிப்பதும் லேசில் முடியாது. இந்த வேலைக்கு வருமுன் அக்கா பதினொரு வருடம் பார்சல் ஆபீசில் பில் எழுதியவர். கார்பன் வைத்து மூன்று பிரதி. அழுத்தி எழுதியே கை பழகிவிட்டது, அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"அக்கா, நீங்க எழுதுறீங்களா, கல்வெட்டு செதுக்குறீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மூணாவது காப்பி மங்கினா பார்சல்காரங்க சண்டைக்கு வருவாங்க தம்பி. அந்தப் பயம் இன்னும் போகல" என்று சிரித்தார்.

கேள்வித்தாளில் ஒரு விதி உண்டு. மனம் சோர்வாக இருக்கிறதா, எதிலும் ஆர்வம் குறைந்துவிட்டதா என்பவை முதல் இரண்டு கேள்விகள். இரண்டுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் அடுத்த ஏழு கேள்விகளை விட்டுவிட்டுத் தாவிவிட வேண்டும். மதிப்பெண் பூஜ்யம், பிள்ளை நலம். மதிப்பெண் கூடியவர்களை மட்டும் கீழ்த்தளத்து இளைஞர் கிளினிக்கிலிருந்து போன் செய்து கூப்பிடுவார்கள்.

அக்கா தாவமாட்டார். அவருடைய மகள் பள்ளி முடித்த வருடம் முழுக்க அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவள். என்ன கேட்டாலும் "ஒண்ணுமில்லம்மா." அக்காவும் நம்பி நிம்மதியாக வேலைக்குப் போய்வந்தார். அவள் தூங்கியே மாதக்கணக்காகிறது என்பது டாக்டரிடம் கூட்டிப்போய் அவர் கேட்டபோதுதான் தெரிந்தது. மகள் தேறி இப்போது வேலைக்குப் போகிறாள். அக்காதான் அந்த 'ஒண்ணுமில்ல'யை அதற்குப் பிறகு யார் வாயிலிருந்து வந்தாலும் நம்புவதில்லை. தாளை மூடி, பையை மாட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துக்கொண்டே, "தூக்கம் எப்படி? யாரோடயும் பேசப் பிடிக்கலையா?" என்று விட்டுப்போன ஏழு கேள்விகளையும் கேட்டுவிடுவார். பேனா கட்டத்துக்கு மட்டும் என்பதால் பதில்களைப் பென்சிலால் ஓரத்தில் எழுதுவார். "இதை டாக்டர் பார்ப்பாங்க, கண்டிப்பா கூப்பிடுவாங்க" என்று சொல்லிவிட்டு வருவார்.

டாக்டர் அதைப் படிக்கிறார் என்று அக்கா நினைத்தார். நான் குப்பை என்று நினைத்தேன். ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு இதை ஒருவரை ஒருவர் கேட்கத் தோன்றவில்லை, அதுதான் எங்கள் லட்சணம்.

ஒரு மதியம், தையல் தொழிற்சாலைச் சீருடையில் ஒரு பெண் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள்.

"என் தம்பி டயர் கடையில இருக்கான். கூப்பிடுவோம்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு. கூப்பிடுவீங்களா, இல்ல சும்மா சொன்னீங்களா?"

கணினியில் பார்த்தேன். பூஜ்யம், நலம். "பென்சில்ல எழுதியிருந்தேனே தம்பி" என்றார் அக்கா. மறைக்கவும் தோன்றாமல் சொன்னேன்: "நான்தான் அழிச்சேன் அக்கா. எல்லாத்தையும்."

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. நாற்காலியில் உட்கார்ந்து, தான் வாக்குக் கொடுத்த வீடுகளை விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். முப்பதைத் தாண்டியதும் எழுந்து நேராக, ஆய்வை நடத்தும் பெரிய டாக்டர் அறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

நடந்ததைக் கேட்டதும் டாக்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "விதியை மாத்த உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தா? ஆராய்ச்சியே கெட்டுப்போயிடும்னு தெரியாதா?"

"தப்புதான் டாக்டர். என்னை வேலையை விட்டு நிறுத்துங்க. ஆனா அந்தப் பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்குதுங்க."

டாக்டர் எழுந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அலமாரியைத் திறக்கச் சொன்னார். ஒரு தாளை எடுத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். பென்சில் போயிருந்தது, பள்ளம் போகவில்லை. 'தூக்கம் இல்லை. சாப்பாடு ஒரு வேளை. நண்பர்களைப் பார்த்து நாலு மாதம்.' நான் எவ்வளவு தேய்த்தும் அந்தப் பார்சல் ஆபீஸ் கை எழுதியதை அழிக்க முடியவில்லை என்று கண்டபோது, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

மூவரும் ஜன்னலோரம் நின்று நூற்று அறுபது பூஜ்யத் தாள்களையும் பார்த்து முடிக்க மாலையாகிவிட்டது. நாற்பத்து மூன்றில் பள்ளம் இருந்தது. எல்லோரையும் உடனே கூப்பிடச் சொன்ன டாக்டர், போகும்போது, "அந்தத் தாவுற விதியை நானே மேல பேசி எடுத்துடறேன். அதுவரைக்கும் நீங்க கேக்குறதைக் கேளுங்க, எனக்குத் தனித் தாள்ல எழுதிக் குடுங்க" என்றார். அக்காவை நிறுத்தும் பேச்சு பிறகு எழவே இல்லை.

முதல் போனை நானே செய்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். டயர் கடைத் தம்பியின் எண். யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கமாட்டான் என்று அக்காக்காரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஆஸ்பத்திரியா?"

"ஆமா தம்பி. லேட்டாயிடுச்சு. தப்பு என்னோடது."

பின்னால் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது.

"பரவால்ல சார். கூப்பிடுவாங்கன்னு அந்த அக்கா சொன்னாங்க. அதான் ரெண்டு மாசமா போனை சைலண்ட்ல போடவே இல்ல."

போனை அக்காவிடம் நீட்டினேன்.