கப்பலில் பத்து நிமிஷச் சாப்பாடு

எனக்கும் செல்விக்கும் நடந்த கல்யாணத்துக்கு, கம்பெனியில் என்னோடு ஒரே லைனில் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சேர்ந்து, சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் போய்வரும் கப்பலில் டிக்கெட் எடுத்துத் தந்தார்கள்.

விசாகப்பட்டினத்தில் இறங்கி மலை, கடற்கரை எல்லாம் சுற்றிவிட்டுப் பசியோடு கப்பலின் சாப்பாட்டு ஹாலுக்குத் திரும்பினோம். செல்வி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன், சாப்பிட்டேன், எழுந்தேன். ஒரகடத்துக் கம்பெனி கேன்டீனில் ஆறு வருஷமாக அப்படித்தான். பத்து நிமிஷம் தாண்டினால் சூப்பர்வைசர் தேடுவார். எச்சில் தட்டை எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றேன். பரிமாறுகிறவர் வந்து வாங்கிக்கொண்டார்.

திரும்பினால், நிறைந்த தட்டோடு செல்வி எங்கள் மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாங்க, அதுக்குள்ள முடிச்சிட்டீங்களா? ஒண்ணா சாப்பிடலாம்னு பார்த்தேன்."

"நீ சாப்பிடு," என்றேன். அதில் எனக்குத் தப்பாக ஒன்றும் தோன்றவில்லை. அவள் முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அவளும் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். ஞாயிறு மட்டும்தான் இரண்டு பேரும் வீட்டில் இருப்போம். போன ஞாயிறு சோற்றைப் பிசைந்துகொண்டே, ஏதாவது பேசலாம் என்று நிமிர்ந்தேன். எதிரில் தட்டு இல்லை. குழாயடியில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தாள்.