தடைக்காலத்தில் மாட்டிய கார்புரேட்டர்

மீன்பிடித் தடைக்காலம் என்பது மீன்கள் இனப்பெருக்கம் செய்ய அரசாங்கம் விடும் இரண்டு மாத விடுமுறை. எங்கள் காரைக்கால்மேட்டில் அந்த இரண்டு மாதமும் ஆண்கள் எதையாவது கழற்றிக்கொண்டே இருப்பார்கள். முதலில் படகு எஞ்சின், அப்புறம் வீட்டு மிக்சி, அதுவும் முடிந்தால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் டேபிள் ஃபேன். போன வருடம் என் வீட்டுக்காரர் எங்கள் மினி லாரியைக் கழற்றினார்.

அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அந்த லாரி ஆசைக்கு வாங்கியது இல்லை. அவர் பதினைந்து வருடம் விசைப்படகில் எஞ்சின் டிரைவராக இருந்தவர். எல்லை தாண்டிவிட்டார்கள் என்று படகோடு பிடித்துப் போய் அக்கரைச் சிறையில் ஆறு மாதம் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது இடுப்பில் கைலி நிற்கவில்லை. இனிமேல் கடல் கிடையாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். என் வளையல்கள் போய் வாசலுக்கு வண்டி வந்தது. மீன் ஏற்றலாம், ஐஸ் ஏற்றலாம், பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். வண்டி ஓடுகிறவரை அவர் கரையில் இருப்பார், நின்றால் படகுக்குப் போய்விடுவார். எனக்கு அந்த வண்டியைப் பற்றித் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

ஆனால் எனக்கு வண்டியைப் பற்றி அதற்கு மேலும் தெரியும். காரைக்கால் பைபாஸ் ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒன்பது வருடமாகக் கவுன்ட்டரில் நிற்கிறேன். உள்ளே வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் பார்த்து, "ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்பார்கள். இல்லை என்பேன். பிறகு ஏதோ ஒரு பெயரை உளறுவார்கள், நான் சரியான சாமானை எடுத்து வைப்பேன். அவர்கள் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று கிளம்புவார்கள். அரை மணி நேரத்தில் அதையே வாங்கத் திரும்பி வருவார்கள். ஒன்பது வருடத்தில் ஒருவர்கூட அசடு வழிந்ததில்லை, அந்த அளவுக்கு நம்பிக்கை.

எங்கள் வண்டி பெட்ரோல் வண்டி, இன்ஜெக்‌ஷன் எஞ்சின். கம்ப்யூட்டர் அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும், அதற்கு அளவு சொல்வது சென்சார்கள். மீன் பெட்டியிலிருந்து ஒழுகுகிற உப்பு ஐஸ் தண்ணீர் அடியில் இருந்த ஒரு சென்சாரின் மேல் சொட்டிச் சொட்டி அதை அரித்துவிட்டது. வண்டி போகிற போக்கில் விக்கும், நிற்கும். எங்கள் கடைக்கு வரும் மெக்கானிக் கருவியை மாட்டிப் பார்த்து இன்ன சென்சார் என்றே சொல்லிவிட்டார். கட்டை விரல் அளவு சாமான். மாட்டக் கால் மணி நேரம். அன்று மாலையே வாங்கி வந்து அவர் கையில் கொடுத்தேன். வாங்கி ஜன்னலில் வைத்தார்.

மறுநாள் வாசலில் கூட்டம். வேடிக்கை பார்க்க நாலு பேர், யோசனை சொல்ல எட்டுப் பேர். நடுவில் அவருடைய கூட்டாளி, படகு ஓட்டுகிறவர். இன்ஜெக்‌ஷனைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் இல்லாத பழைய காலத்துக் கார்புரேட்டர் மாட்டப் போகிறார்களாம்.

"இந்த ஒயரு, டப்பாவெல்லாம் எதுக்கு தங்கச்சி?" என்றார் கூட்டாளி. "நடுக்கடல்ல நின்னுபோச்சுன்னா லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு எவன் வருவான்?"

"இது ரோட்ல ஓடுற வண்டிண்ணே. நின்னுபோச்சுன்னா எறங்கி நடந்து வரலாம்."

எல்லோரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்துத்தான். ஸ்பானர் போட்டுத் திறக்க முடியாத எதுவும் எஞ்சின் இல்லை என்பது அவர்கள் கொள்கை. கடலில் அது சரி, உயிர் பிழைக்கிற வழி. அதற்காக ஐஸ் வண்டியையும் அலைமேல் ஓட்டுகிற நினைப்பா?

அம்பகரத்தூர் பக்கம் யாரோ ஒருவரின் பழைய வேனிலிருந்து கார்புரேட்டர் வந்தது. அதை எஞ்சினோடு பொருத்த லேத் பட்டறையில் அலுமினியத் தகடு வெட்டி, துளை போட்டு, துளை கோணலாகிப் போய் இன்னொன்று வெட்டினார்கள். ஒரு மாதம் போயிற்று. சீன வெடி வெடிக்கிற மாதிரி எஞ்சின் சத்தம் போட்டால் கை தட்டினார்கள். பெரிய விஞ்ஞானிகள்! டீ போட்டுக் கொடுத்தவள் மட்டும் நான்.

நானும் சொல்லாமல் இல்லை. டேங்குக்குள் இருக்கிற பம்பு இன்ஜெக்‌ஷனுக்கானது, பெட்ரோலை அடித்துத் தள்ளும். கார்புரேட்டருக்கு மெல்ல வந்தால் போதும். அந்தப் பம்பையே வைத்துக்கொண்டால் பொங்கி வெளியே கொட்டும்.

"ஏங்க, பம்பை மாத்தாம மாட்டாதீங்க. கடைக்கு வர்ற பொடியனுக்குக்கூடத் தெரியும் இது."

அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தப் பம்பை வைத்தே குழாயை இறுக்கினார். மரமண்டை என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லவும் சொன்னேன்.

தடை முடிவதற்கு முந்தின நாள் துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். எல்லாப் படகுக்கும் ஐஸ் ஏற வேண்டும். எங்கள் வண்டிக்கு ஆறு நடை சொல்லி வைத்திருந்தார்கள். முதல் நடையிலேயே துறைமுக வாசலுக்குள் நுழைகிற இடத்தில் வண்டி நின்றது. மூடியைத் திறந்தால் கார்புரேட்டர் வாய் வழியாகப் பெட்ரோல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. ஒரு பீடி பொறி விழுந்திருந்தால் எங்கள் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஐஸ் கட்டிகளை வேறு வண்டியில் மாற்றினார்கள். எங்கள் வண்டியை நாலு பேர் தள்ளி ஓரமாக விட்டார்கள்.

சேதி கேட்டுக் கடையில் சொல்லிவிட்டு ஓடினேன். அதே கூட்டாளியின் படகில், எஞ்சின் அறைக்குள் என் வீட்டுக்காரர். கையெல்லாம் கிரீஸ். முகத்தில் ஒரு தெளிவு. சிறையிலிருந்து வந்த பிறகு அந்த முகத்தை நான் பார்க்கவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா கிழிச்சீங்க!" என்றேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல, பம்பு, பம்புன்னு? இந்த மண்டையில ஏறுச்சா? பதினஞ்சு வருஷம் எஞ்சின் பாத்தேன்னு சொல்லிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

அவர் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டு மேலே வந்தார்.

"அந்த பிரஷரு கார்புரேட்டர்ல நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சேவா மாட்டுனீங்க?"

"வண்டி ஓடுனா நான் எப்படி இங்க வர்றது?"

"கடலுக்குப் போவணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்குறதுக்கு என்ன?"

"கேட்டா நீ என்ன சொல்லிருப்ப?"

நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பக்கத்துப் படகில் வலை ஏற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும், அவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஒரு மாதம் தெரு முழுக்க மரமண்டை என்று பேர் வாங்கிக்கொண்டு ஒரு மனுஷர் வண்டியைப் பாழாக்கியிருக்கிறார். என்னிடம் வாய் திறந்து கேட்பதைவிட அது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

வீட்டுக்குப் போய் இரண்டு கைலி, ஒரு துண்டு, வயிற்று வலி மாத்திரை எல்லாம் பையில் வைத்துக் கட்டிக்கொண்டு வந்து கொடுத்தேன். நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் திரும்பிக் கடைக்கு நடந்தேன்.