மச்சானுக்குப் பார்த்த வைத்தியம்

அவருக்கு இரண்டு வேலைகள், இரண்டும் அரை வேலை. காலையில் பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரு கண்ணாடிக் கடையில் நிற்பார். வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் தகுந்தாற்போல் ஃப்ரேமை வளைத்துக் கொடுப்பார். வாரத்தில் மூன்று நாள் மாலை, ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் மனநல ஆலோசகராக உட்காருவார். அங்கே அவருக்கு ‘அரைநாள் அக்கா’ என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்த எக்ஸ்ரேக்காரரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

நாற்பது வயதுக்கு மேல் படித்துப் பிடித்த வேலை. “முழு நாளும் இதையே பார்க்கலாமே?” என்று யாராவது கேட்டால், “முழு நாளும் பார்த்தா அப்புறம் என்னை யாரு பார்க்கிறது?” என்பார். கண்ணாடிக் கடையின் மேல் அவருக்கு உண்மையாகவே நன்றி உண்டு. அங்கே வருகிறவர்கள் கண்ணாடியை மாட்டியவுடன் “ஆகா, தெளிவா இருக்கே” என்று சொல்லிவிடுவார்கள். மூன்றாம் மாடியில் தெளிந்தவர்களோ, தெருவில் அவரைக் கண்டால் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அதுவே குணமானதற்கு அடையாளம் என்று அக்கா அதற்கும் சந்தோஷப்படுவார்.

இந்த வேலை கிடைத்தபோது அவரைவிட மகிழ்ந்தவர் அவர் கணவர். தினம் ஒரு கதை வீடு தேடி வரும் என்று நம்பினார். ஒன்றும் வரவில்லை.

“பேரு வேண்டாம்மா. விஷயத்தை மட்டும் சொல்லேன்.”

“விஷயத்தைச் சொன்னா பேரை நீங்களே கண்டுபிடிச்சிருவீங்க. பேசாம சாப்பிடுங்க.”

மருத்துவமனை அவருக்கு ஒரு கையேடு கொடுத்திருந்தது. நோயாளியைத் தனியாக உட்கார வைக்க வேண்டும். சோகத்துக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் சோகத்துக்கு மதிப்பெண் போட மாட்டார்கள். “அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க, தலைதான் பாரமா இருக்கு” என்பார்கள். நெஞ்சு அடைக்கும், வயிற்றை என்னவோ செய்யும், கை மரத்துப் போகும். மனசுக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. தனியாகவும் வர மாட்டார்கள். அக்கா கையேட்டை அலமாரியில் மரியாதையாக வைத்துவிட்டு, அறையில் நான்கு நாற்காலி போட்டார். தலைபாரத்தைத் தலைபாரமாகவே விசாரித்தார். எப்போது தொடங்கியது, யார் வீட்டுக்கு வந்தால் கூடுகிறது, யார் கிளம்பினால் குறைகிறது என்று கேட்கக் கேட்க, தலைக்குள் இருந்த மாமியார் தானாக வெளியே வருவார்.

ஒரு லிஃப்ட் மெக்கானிக் மட்டும் தனியாக வந்தார். ஆனால் தனக்காக வரவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்ல மேடம். என் மச்சானுக்குத்தான். குறுகலான இடத்துக்குள்ள போனா மூச்சு முட்டுதாம். அவன் வேலையே அந்த மாதிரி இடத்துலதான். மாசக் கடைசிக்குள்ள உள்ள இறங்கலைன்னா கிடங்குல உட்கார வச்சிருவாங்களாம்.”

“மச்சான் என்ன வேலை பார்க்கிறாரு?”

“அது வந்து... மெஷின் வேலை.”

அவர் சட்டைப் பையின் மேல் லிஃப்ட் படம் போட்ட கம்பெனி முத்திரை இருந்தது. நகக்கண்ணில் கிரீஸ் இருந்தது. அக்கா இரண்டையும் பார்த்தார், பார்க்காதவர்போல, “பாவம், மச்சானுக்கு ராத்திரி தூக்கம் வருதா?” என்று கேட்டார். மெக்கானிக் நெடுநேரம் யோசித்துவிட்டு, “வரலைன்னுதான் சொல்றான்” என்றார்.

தலைமை டாக்டருக்கு இது பிடிக்கவில்லை. “உறவுக்காரங்களுக்கு நாலு தடவைதான் நேரம் கொடுக்கலாம். அதுக்குள்ள நோயாளி வரணும். இல்லைன்னா ஃபைலை மூடிருங்க. ஆளே இல்லாத வியாதிக்கு எத்தனை நாள்தான் வைத்தியம் பார்ப்பீங்க?”

“ஆளு வந்துட்டாரு டாக்டர். அவர்தான் ஆளுன்னு அவருக்கு இன்னும் சொல்லிக்க வரல.”

மூன்று வாரம் மச்சானுக்கு வைத்தியம் நடந்தது. மூச்சை எப்படி எண்ணி விட வேண்டும் என்று அக்கா காட்டுவார். மெக்கானிக் மச்சானுக்குச் சொல்லிக் கொடுப்பதற்காக என்று தானும் செய்து பார்ப்பார். மூன்றாவது வாரம் அக்கா ஒரு தவறு செய்தார். மூச்சுப் பயிற்சியையும், குறுகலான இடத்துக்குள் நுழையும் முன் செய்ய வேண்டியவற்றையும் மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தாளில் எழுதி, பெயர் போட வேண்டிய இடத்தில் ‘மச்சானுக்கு’ என்று போட்டுக் கொடுத்தார். மரியாதைக்குச் செய்தது. அதுவரை வாயில் மட்டும் இருந்த பொய்க்கு எழுத்தில் அத்தாட்சி கிடைத்துவிட்டது.

துணி துவைக்கப் போட்ட சட்டைப் பையில் அந்தத் தாளை மெக்கானிக்கின் மனைவி கண்டெடுத்தார். அவருக்கு இருப்பது ஒரே தம்பி. பேட்டரிக் கடை வைத்திருக்கிறான். சமீபத்தில் கொஞ்சம் இளைத்தும் இருந்தான். வேறு என்ன வேண்டும்?

நான்காம் வாரம், மெக்கானிக் வர வேண்டிய நாளுக்கு முதல் நாள், பேட்டரிக் கடைக்காரன் தாளை நீட்டிக்கொண்டு அக்காவின் முன் உட்கார்ந்தான்.

“மேடம், இது எங்க மாமா சட்டைப் பையில இருந்துச்சாம். எனக்கு என்ன வியாதின்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிருங்க. வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்கு மட்டும்தான் தெரியல. எங்க அக்கா என் முகத்தைப் பார்த்தாலே அழுவுது. அம்மா மொட்டை மாடிக் கதவைப் பூட்டி சாவியை இடுப்புல சொருகி வச்சிருக்காங்க. துணி காயப் போடக்கூட யாரும் மேல போக முடியல.”

“உங்க மாமா என்ன சொன்னாரு?”

“அவரா? குனிஞ்ச தலை நிமிரல. ‘உடம்பைப் பாத்துக்கடா’ன்னாரு.”

அக்காவின் நிலைமை சங்கடமானது. உனக்கு ஒன்றுமில்லை என்றால், அப்படியானால் யாருக்கு என்ற கேள்வி வரும். அந்த வீட்டில் இவனை மச்சான் என்று அழைக்கிற மனிதர் ஒருவர்தான். விஷயம் வெளியே வந்தால் மெக்கானிக் மறுபடி படியேற மாட்டார். மாசக் கடைசியும் வந்துவிடும். ஒன்றும் சொல்லாமல் விட்டாலோ, சம்பந்தமில்லாத ஒருவன் மாடியேற முடியாமல் திரிவான்.

“தம்பி, இந்தத் தாள் நான் எழுதினதுதான். அப்படி எழுதினது என் தப்பு. அதுக்கு மேல யாரைப் பத்தியும் நான் பேசக் கூடாது. ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது.”

பேட்டரிக் கடைக்காரன் தாளை முதல் தடவையாக முழுசாகப் படித்தான். “குறுகலான இடம்... என் கடையில பாதி தெருவுலதானே மேடம் இருக்கு” என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். மேசையில் இருந்த தண்ணீரைக் குடித்தான். ஜன்னலைப் பார்த்தான்.

“மாமாவோட வேலை பார்க்கிறவரு கடைக்கு வந்தப்ப சொன்னாரு. மூணு மாசமா மாமா வெளியே நின்னு வயரை மட்டும் எடுத்துக் கொடுக்கிறாராம். கேட்டா முட்டி வலின்னு சொல்றாராம்.”

அக்கா காலியான டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றி வைத்தார்.

“எங்க அக்காவைக் கட்டி இருபத்திரண்டு வருஷம் மேடம். எங்க வீட்டுல எந்த மெஷின் நின்னாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். அவரே நின்னுட்டா அவர் யாரைக் கூப்பிடுவாரு?” தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “சரி, எனக்குத்தான் வியாதி. எழுதிக்கங்க. துணைக்கு ஆள் வரலாமில்ல? நாளைக்கு மாமாவைக் கூட்டிட்டு வரேன்.”

படித்த படிப்பில் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை என்று அக்கா பிறகு நினைத்துக்கொள்வார். அன்றைக்கு அவர் செய்ததெல்லாம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்ததுதான்.

மறுநாள் இருவரும் வந்தார்கள். பேட்டரிக் கடைக்காரன் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மேலே செருகி, காற்றுக்குத் தவித்தான். நடிப்பு படுமோசம். மெக்கானிக்கால் இரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“டேய், அப்படி இல்லடா. மூச்சு முதல்ல நிக்காது. முதல்ல காது அடைக்கும். அப்புறம் உள்ளங்கை வேர்த்து ஸ்பேனர் வழுக்கும்.”

“அப்புறம்?”

“அப்புறம் கரண்ட் போன அன்னைக்கு மாதிரியே இருக்கும். லிஃப்ட் கூண்டுக்கு மேல, ரெண்டு சுவத்துக்கு நடுவுல, ரெண்டே முக்கால் மணி நேரம். வெளியே படியில ஏறிப் போறவங்க பேசறது கேக்கும். ‘இந்த மெக்கானிக் எங்க போய்த் தொலைஞ்சான்’னு ஒருத்தர் திட்டிட்டே போறாரு. அவர் காலுக்குக் கீழேதான்டா இருக்கேன். கத்தறேன், சத்தம் வரல.”

மச்சான் நெஞ்சிலிருந்து கையை எடுத்து மாமாவின் முழங்காலில் வைத்தான். மெக்கானிக் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?”

“எனக்கு என்ன மாமா தெரியும்? நான் நோயாளி. மேடம், அடுத்து நான் என்ன செய்யணும்?”

அடுத்ததை அக்கா இருவருக்குமாகச் சொன்னார். முதல் நாள் நின்றிருக்கும் லிஃப்டுக்குள் கதவைத் திறந்து வைத்தபடி நிற்பது. அடுத்த நாள் மூடி, ஒரு மாடி. எல்லாவற்றையும் நோயாளி முதலில் செய்வான். துணைக்கு வந்தவர் கூட நிற்பார். ஒரு தடவை பாதியில் மெக்கானிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டார். “எனக்கும் தலை சுத்துது மாமா” என்று மச்சானும் பக்கத்தில் உட்கார்ந்தான். பத்து நிமிடம் கழித்து மறுபடி போனார்கள். ஃபைலில் பெயர் மாறியது எப்படி என்று தலைமை டாக்டர் கேட்டார். அக்கா சொன்னார். டாக்டர் சிரிக்காமல் இன்னும் ஐந்து வாரத்துக்குக் கையெழுத்துப் போட்டார். இரண்டு மாதம் அவகாசம் கேட்டுக் கம்பெனிக்கும் தன் பெயரிலேயே ஒரு கடிதம் எழுதினார்.

உண்மையாகவே லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டிய நாளில் அக்கா கண்ணாடிக் கடையில் அரை நாள் வேலைக்கு முழு லீவு போட்டார். ஆறு மாடிக் கட்டடம். மெக்கானிக் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, காலை உள்ளே வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். விளக்கு வெளிச்சம் சுவரில் ஆடிக்கொண்டே இறங்கியது. மச்சான் கதவோரம் தரையில் உட்கார்ந்து உள்ளே பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தான்: எந்த பேட்டரி எவ்வளவு ஓடும், எந்த வாடிக்கையாளர் எப்படி ஏமாற்றுவார், மொட்டை மாடிச் சாவி எப்போது திரும்பக் கிடைக்கும்.

“வாயை மூடுடா கொஞ்சம், வேலை செய்ய விடு” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அந்தக் குரலில் எரிச்சலைத் தவிர வேறொன்றும் இல்லை. அக்கா படிக்கட்டில் உட்கார்ந்து, அதைக் காது நிறையக் கேட்டார். பையோடு படியேறி வந்த ஒருவர் மூச்சு வாங்க நின்று, “லிஃப்ட் எப்பங்க சரியாகும்?” என்று கேட்டார்.

“ஆகிட்டே இருக்குங்க” என்றான் மச்சான். “ஆளு உள்ளதான் இருக்காரு.”