துரியோதனன் கிரீடத்துக்குள் இருந்த துணி

அக்கா போய் ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் சிரித்தால் அக்காவுக்குப் பிடிக்கும்.

ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவர். அப்பா இறந்ததும் படிப்பை நிறுத்திவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். ஷிஃப்ட் பஸ்ஸில் ஏறி இறங்கியே தங்கையான என்னைப் படிக்கவைத்தார். தனக்கென்று அவர் சேர்த்தவை பழைய கூத்து நகைகள் மட்டும்: கட்டைக் கிரீடங்கள், புஜக்கீர்த்திகள், கண்ணாடி பதித்த மார்ப்பதக்கங்கள். ஆனேக்கல் பக்கமிருந்து வந்த கிரீடத்தைத் துடைக்கும்போது மட்டும் கன்னடத்தில் பேசுவார். அதற்குத் தமிழ் புரியாதாம்.

எல்லாவற்றிலும் உசத்தி துரியோதனன் கிரீடம். எங்கள் ஊர்க் கூத்து வாத்தியார், புதுக் கிரீடம் வந்ததும் பழையதை அக்காவிடம் ஒப்படைத்தார். ஒரே நிபந்தனை: பாரதக் கூத்தின் கடைசி நாள், துரியோதனன் சாகும் படுகளத்துக்கு ஊர் கேட்டால் மறுக்கக்கூடாது. அக்கா தலையாட்டினார். கிரீடத்தைத் தரையில் வைக்காதது கூத்துக்காரர் வழக்கம். ஆகவே பஸ்ஸில் அதற்கும் ஒரு சீட். லக்கேஜா என்று கேட்டார் கண்டக்டர்.

"லக்கேஜ் இல்லீங்க, மகாராசா. முழு டிக்கெட்டே குடுங்க."

பல வருடம் கழித்துப் புதுக் கிரீடம் உடைந்தது. ஊர் கேட்டது. அக்காவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கட்டை உளுத்திருந்தது, துரியோதனன் மண்ணில் விழுந்து புரளும் படுகளத்தில் அது சிதறிப்போனால்? ஆனாலும் சொன்ன சொல் இருந்தது. எடுத்துக்கொண்டு கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

காலை வெயில். களத்தில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவம் மல்லாந்து கிடக்கிறது, சுற்றி ஊரே நிற்கிறது. துரியோதனன் வேடக்காரர் கிரீடத்தைத் தன் தலையில் வைத்தார். இறங்கவில்லை. அழுத்தினார். ஊஹூம்.

"என்னாக்கா, எந்தலைக்கு எறங்க மாட்டேங்குது. யாருக்கு அளவெடுத்தீங்க?"

உள்ளே விரலை விட்டு இழுத்தார். நீலத்துணி வந்தது, வந்துகொண்டே இருந்தது. அக்காவின் பழைய கம்பெனிப் புடவை. அக்காவுக்குச் சின்னத் தலை. ஓசூர் வீட்டில் கூத்து நகைகள் இருந்த அறையின் கதவு ஏன் அடிக்கடி சாத்தியிருந்தது என்பது அங்கே, அத்தனை பேர் நடுவில்தான் எனக்குத் தெரிந்தது.

"அப்ப நீங்கதான் துரியோதனனா?" என்றார் வேடக்காரர்.

"ஞாயித்துக்கெழம மட்டும்" என்றார் அக்கா.

ஊர் சிரித்த சிரிப்பில் பீமனால் கதாயுதத்தைத் தூக்க முடியவில்லை.

கிரீடம் மூன்று கண்ணாடித் துண்டுகளை இழந்து வீடு திரும்பியது. அந்தக் குழிகளை அக்கா அடைக்கவேயில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் அவற்றைத்தான் காட்டுவார்.

கடைசி நாட்களில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி என்னிடம் சொன்னது இது: "படுகளம் வருது. கேப்பாங்க, குடுத்துரு. துணிய எடுத்துட்டுக் குடு."

கொடுத்தேன் அக்கா.

முறைபோட்டு உடனிருந்த ஷிஃப்ட் தோழிகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டு கௌடர் குடும்பத்துக்கும், படுகளம் முடிந்ததும் கிரீடத்தை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்த வேடக்காரருக்கும் எங்கள் நன்றி எப்போதும் உண்டு.

வேடக்காரர் கிளம்பிப் போனதும் நீலத்துணியைச் சுருட்டிப் பழையபடி உள்ளே வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

எனக்கும் சரியாக இருக்கிறது, அக்கா.